கார் நிறுத்துமிட முகப்பில் ஒட்டிய கல்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டின் முகப்பில் தெருவுக்கு முதலில் தெரிவது கார் நிறுத்துமிடம்தான். அதனால்தான் எலிவேஷனுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் பாதி அங்கேயே போகிறது. இரண்டு தூண்கள், ஷட்டருக்கு மேலுள்ள சுவர், பக்கச் சுவரில் கொஞ்சம் என்று கல் ஒட்டிவிட்டால் சாதாரண வீட்டுக்கும் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. நல்ல ஆசை அது. ஒழுங்காக ஒட்டிய கல்லுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்கும் செலவும் இல்லை.

ஐப்பசி மழை வந்ததும்தான் புகார்கள் தொடங்கும். வெள்ளை பூக்கிறது, கழன்று விழுகிறது, உள்சுவர் ஓதம் காக்கிறது. உடனே கல் விற்ற கடைக்காரரைத் திட்டுகிறோம், அல்லது சீலர் என்ற பளபளக்கும் மேற்பூச்சை வாங்கிவந்து பூசிவிடுகிறோம். இரண்டும் பயன் தராது. பெரும்பாலும் கோளாறு கல்லுக்குப் பின்னாலுள்ள பூச்சிலோ மேலிருந்து இறங்கும் தண்ணீரிலோதான் இருக்கும். அறிகுறியைச் சரியாகப் படித்தால் எங்கே கைவைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எதற்கும் முன்: தட்டிப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை இதுதான். திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் ஒவ்வொரு கல்லையும் லேசாகத் தட்டுங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் கல் ‘டக்’ என்று இறுக்கமாக ஒலிக்கும். பின்னால் காலியாக இருக்கும் கல் ‘டொப்’ என்று ஒலிக்கும். டொப் என்றவற்றைச் சாக்பீஸால் வட்டமிட்டு, முழுச் சுவரையும் தள்ளி நின்று பாருங்கள். வட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ஒட்டியவர் அந்தந்தக் கல்லில் கவனம் விட்டிருக்கிறார். ஒரே இடத்தில் திட்டாகக் குவிந்திருந்தால் அடியிலுள்ள பூச்சே சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது.

20 மில்லிமீட்டர் தடிமனுள்ள இயற்கைக் கல் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ எடை வரும். 100 சதுர அடி ஒட்டியிருந்தால் அரை டன் கல் அந்தச் சுவரில் தொங்குகிறது. ஷட்டருக்கு மேலே வட்டங்கள் விழுந்திருந்தால் அன்றே காரை வெளியே எடுத்து நிறுத்துங்கள். குழந்தைகளை அந்த வழியில் விடாதீர்கள். அழகைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

அறிகுறி: கல் கழன்று விழுந்துவிட்டது

விழுந்த கல்லைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அதன் முதுகையும் அது இருந்த இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முழுக் கதையும் அங்கே எழுதியிருக்கும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லின் முதுகு சுத்தமாக இருக்கிறது, பசை முழுவதும் சுவரிலேயே நிற்கிறது என்றால் முதுகில் விரலை இழுத்துப் பாருங்கள். மாவுபோல் தூசி ஒட்டும். அறுத்தபோது படிந்த கல்தூளைக் கழுவாமலே ஒட்டியிருக்கிறார்கள். பசை அந்தத் தூசியைத்தான் பிடித்ததே தவிரக் கல்லைப் பிடிக்கவில்லை. சில மெல்லிய கற்களின் முதுகில், உடையாமலிருக்க, பிசின் தடவி நார்வலை ஒட்டி அனுப்புவார்கள். வழவழப்பான அந்தப் பிசின்மேல் சிமெண்ட் சார்ந்த பசை சரியாகப் பிடிப்பதில்லை. அத்தகைய கல்லுக்கு எபாக்சி வகைப் பசைதான் ஏற்றது.

சுவரில் இருக்கும் பசையில் பல் வைத்த கரணை இழுத்த வரிகள் நசுங்காமல் அப்படியே நிற்கின்றன என்றால், கல்லை வைப்பதற்கு முன்பே பசை மேலே ஆடைகட்டிவிட்டது. மேற்குப் பார்த்த சுவரில் சித்திரை வெயிலில் மதியம் வேலை செய்தால் இதுதான் நடக்கும். ஒரே மூச்சில் பத்துச் சதுர அடிக்குப் பசையை இழுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்துவருகிறார்கள். கடைசிக் கல் வரும்போது பசை செத்திருக்கும். விரலால் தொட்டால் பசை விரலில் ஒட்டவேண்டும். ஒட்டவில்லையென்றால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும், மேலே தண்ணீர் தெளித்துச் சமாளிக்கக் கூடாது.

நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து உருண்டைகள் மட்டும் தெரிகின்றனவா? இதுதான் நான் மிகவும் வெறுக்கும் பழக்கம். சுவரின் மேடுபள்ளத்தைச் சமாளிக்கவும் பசையை மிச்சம் பிடிக்கவும் இப்படி உருண்டை வைத்து அமுக்குகிறார்கள். கல்லுக்கும் சுவருக்கும் நடுவே உருண்டைகளைச் சுற்றிக் காலி இடம் நிற்கிறது, மழைநீர் அதில் தங்குகிறது. கல் விழாவிட்டாலும் அந்தச் சுவர் உலராது. வெளிச்சுவரில் சுவருக்கும் பசை இழுத்து, கல்லின் முதுகிலும் மெல்லியதாகத் தடவி, அமுக்கிச் சற்று நகர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்காரவைக்க வேண்டும். முதல் நான்கைந்து கற்களில் ஒன்றை உடனே பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை படிந்திருந்தால் வேலை தொடரலாம். நல்ல கொத்தனார் இதற்குக் கோபிக்க மாட்டார்.

கல்லோடு பெயிண்ட் தோல் உரிந்து வந்திருந்தால் விளக்கமே தேவையில்லை. பழைய சுவரில் பெயிண்ட்மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். பிடிமானத்துக்காக உளியால் கொத்து போட்டிருந்தாலும், கொத்துகளுக்கு இடையே பெயிண்ட் மிஞ்சியிருந்தால் அது பிடிமானம் ஆகாது. முழுவதும் சுரண்டி எடுக்கவேண்டும்.

கல்லோடு சிமெண்ட் பூச்சே பெயர்ந்து வந்திருந்தால் ஒட்டியவர்மீது குற்றமில்லை. பூச்சில் சிமெண்ட் போதாமலிருந்திருக்கலாம், எம் சாண்டில் தூள் அதிகம் இருந்திருக்கலாம், பூசியபின் தண்ணீர் விட்டு ஆற்றாமல் விட்டிருக்கலாம். சாவியால் பூச்சைக் கீறிப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் அந்தப் பகுதி முழுவதையும் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. கான்கிரீட் தூணில் பூச்சு பிரிவது இன்னும் சகஜம், ஏனென்றால் பலகை அடைத்து வார்த்த தூணின் முகம் வழவழப்பானது. நெருக்கமாகக் கொத்து போட்டுச் சிமெண்ட் பால் அடித்த பிறகே பூசவேண்டும்.

மறுபடி ஒட்டும்போது பசை மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் இந்தப் பசைகளுக்கு ஐ.எஸ். 15477 என்ற தரநிர்ணயம் இருக்கிறது, மூட்டையில் அதன் வகை எண்ணும் அச்சிட்டிருக்கும். வகை 1 சாதாரண செராமிக் டைலுக்கானது. விலை குறைவு என்று அதை எடுத்து வெளிச்சுவரில் கனமான கல்லை ஒட்டக் கூடாது. ‘வெளிச்சுவர், இயற்கைக் கல்’ இரண்டுக்கும் உகந்தது என்று மூட்டையிலேயே எழுதியிருப்பதை வாங்குங்கள். அமெரிக்காவில் பசையால் மட்டும் ஒட்டும் கல்லுக்குச் சதுர அடிக்கு 15 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6.8 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் வேறு தாங்கல் வேண்டும். என் கருத்து இன்னும் கண்டிப்பானது: ஆள் தலைக்கு மேலே வரும் பெரிய கற்களுக்குப் பசையோடு துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியும் கட்டாயம் போடுங்கள். கடற்கரை ஊர்களில் 316 தர எஃகு, மற்ற இடங்களில் 304 போதும்.

அறிகுறி: கல்மேல் வெள்ளையாக உப்பு பூக்கிறது

உப்பு எப்போதும் தண்ணீரின் முதுகில் ஏறித்தான் வெளியே வரும். சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பு நீரில் கரைந்து கல்லின் முகத்துக்கு வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகிவிடுகிறது. உவர்நீரில் குழைத்த கலவையிலும் சரியாகச் சலித்துக் கழுவாத மணலிலும் வேறு உப்புகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே தேடவேண்டியது தண்ணீர் வரும் வழியை. வெள்ளை எந்த வடிவத்தில் பூத்திருக்கிறது என்பதே அந்த வழியைக் காட்டிவிடும்.

சுவர் முழுவதும் லேசாக, ஒரே சீராக, வேலை முடிந்த சில மாதங்களில் பூத்தால் அது புதுச் சிமெண்டின் ஈரம். கவலை வேண்டாம். காய்ந்த நிலையில் நார் பிரஷால் தேய்த்துப் பெருக்கி எடுங்கள். எடுத்த எடுப்பிலேயே தண்ணீர் அடித்துக் கழுவினால் கரையும் உப்பு மறுபடி கல்லுக்குள் போய், காய்ந்ததும் திரும்பி வரும். இரண்டு மூன்று முறை தேய்த்தபின் தானே குறையும்.

தரையிலிருந்து ஓரடி, இரண்டடி உயரத்துக்குப் பட்டைபோல் பூத்தால் ஓதம் கீழிருந்து ஏறுகிறது. கல்லைத் தரையோடு தரையாக, சில வீடுகளில் மண்ணுக்குள்ளேயே இறக்கி ஒட்டியிருப்பார்கள். பார்க்க முழுமையாகத் தெரியும், ஆனால் மழைநீரையும் கார் கழுவும் நீரையும் கல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்க வீட்டு விதிகள் ஒட்டுக்கல் மண்ணுக்கு 4 அங்குலம் மேலேயும், தளம் போட்ட தரைக்கு 2 அங்குலம் மேலேயும் நிற்கவேண்டும் என்கின்றன. நம் ஊர் மழைக்கும் அது பொருந்தும். கீழ்வரிசையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிரானைட் சறுக்கட்டையோ (சுவரடியில் ஓடும் ஸ்கர்டிங் பட்டை) வழவழப்பான சிமெண்ட் பூச்சோ கொடுங்கள். போர்டிகோத் தரையின் வாட்டம் சுவரை நோக்கி இருந்தால் அதையும் சேர்த்தே திருத்தவேண்டும். இல்லாவிட்டால் எத்தனை வரிசை எடுத்தாலும் ஓதம் பின்தொடரும்.

கற்களுக்கு இடையேயுள்ள ஏதோ ஒரு சந்திலிருந்து கீழே கோடாக வழிந்த வெள்ளை என்றால் அதன் உச்சியைத் தேடுங்கள். தண்ணீர் அங்கேயோ அதற்குச் சற்று மேலேயோ நுழைகிறது.

இனி ஒரு எச்சரிக்கை. வேலையாட்கள் கழிவறை ஆசிட்டைக் கையில் வைத்திருப்பார்கள், ‘ஒரு நிமிடத்தில் போய்விடும்’ என்பார்கள். வெள்ளை போகும், கூடவே கல்லின் முகமும் போகும். கடப்பா, கோட்டா, ஜெய்சல்மேர் மஞ்சள் ஆகியவை சுண்ணாம்புக்கல் இனம், அமிலம் அவற்றைத் தின்றுவிடும். தோல்பூர் மணற்கல், குவார்ட்சைட், கிரானைட் ஆகியவை அமிலத்துக்கு அவ்வளவு இளகாதவை என்றாலும், உள்ளிருக்கும் இரும்புச் சத்தை அமிலம் கிளப்பிவிட்டுத் துருக்கறை உண்டாக்கும். சந்துகளிலுள்ள சிமெண்டையும் ஷட்டரையும் அரிப்பது இன்னொரு கேடு. உங்கள் கல் எந்த இனம் என்று தெரியாவிட்டால் மிச்சமிருக்கும் துண்டின் முதுகில் எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், அமிலத்தின் பக்கமே போகாதீர்கள்.

அறிகுறி: உள்பக்கச் சுவரில் ஓதம்

கல் ஒட்டிவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வராது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் கல்லிலும் சந்துகளிலும் தண்ணீர் புகும். ஒட்டுவதற்கு முன்பே சுவருக்குச் சிமெண்ட் சார்ந்த நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் கொடுத்திருக்கவேண்டும். கொடுக்கவில்லை என்றாலும் முழுவதையும் பெயர்க்கத் தேவையில்லை. முக்கால்வாசி ஓதம் உச்சியிலிருந்தே இறங்குவதால் அங்கே தொடங்குங்கள்.

கைப்பிடிச் சுவரின் தலையில், கல் முடியும் இடத்தில், வெறும் சிமெண்ட் பூச்சு இருக்கும். அதில் முடிபோல் ஒரு வெடிப்பு. போதும், ஒரு மழைக்கு ஒரு குடம் தண்ணீர் அதன் வழியே கல்லுக்குப் பின்னால் இறங்கும். தலைக்கு ஒரே நீளமான கிரானைட் பலகை வைத்து, கல்லின் முகத்தைவிட ஓர் அங்குலமாவது வெளியே நீட்டி, அடிப்பக்கத்தில் கட்டிங் மெஷினால் ஒரு காடி இழுத்துவிடுங்கள். பலகையின் அடியில் ஊர்ந்துவரும் நீர் அந்தக் காடியில் தடைபட்டுச் சொட்டிவிடும், சுவருக்குப் போகாது. பலகையின் வாட்டம் மாடிப்பக்கமாக இருக்கட்டும். சன்ஷேடும் சுவரும் சேரும் இடம், விளக்குக்கு ஒயர் வரும் துளை, ஷட்டர் பெட்டியின் ஓரம் ஆகியவற்றையும் அடையுங்கள். கண்காணிப்புக் கேமராவுக்குக் கல்லைத் துளைத்துவிட்டு அப்படியே விட்டுப்போயிருப்பார்கள். அதைப் பார்க்க மறக்காதீர்கள்.

சாதாரண சிலிக்கான் பசையைக் கல்லுக்குப் பக்கத்தில் போட்டால் அதிலுள்ள எண்ணெய் கல்லுக்குள் ஊறி, ஓரமெல்லாம் ஈரமானதுபோல் நிரந்தரக் கறை படியும். கல்லுக்கென்றே வரும் கறைபடியாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

சீலர் இதற்கெல்லாம் பிறகுதான். சுவருக்குள் ஈரம் இருக்கும்போதே பளபளக்கும் படலமாகப் படியும் சீலரை அடித்தால், வெளியேற வழியின்றி ஈரம் அதற்கடியில் தங்கி, பால்போல் வெளுத்து, பிறகு தோல்தோலாக உரியும். உரிந்ததை எடுப்பது அடிப்பதைவிடப் பெரிய வேலை. கல்லுக்குள் ஊறி, ஆவியை வெளியே விடும் சைலேன்-சைலாக்சேன் வகையே வெளிச்சுவருக்கு ஏற்றது. உப்பு பூப்பது முழுதும் நின்றபின், நல்ல வெயில் காலத்தில், தையிலிருந்து பங்குனிக்குள் அடியுங்கள்.

அறிகுறி: வெடிப்பு

நம் ஊரில் கார் நிறுத்துமிடம் பல வீடுகளில் பிற்பாடு சேர்த்துக் கட்டியது. வீட்டுக்கு ஓர் அஸ்திவாரம், போர்டிகோத் தூணுக்கு இன்னோர் அஸ்திவாரம். இரண்டும் ஒரே அளவு இறங்குவதில்லை. பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தை மறைப்பதற்காகவே குறுக்கே கல் ஒட்டுகிறார்கள், அந்தக் கற்கள்தான் முதலில் பிளக்கின்றன. செங்குத்தான ஒரே கோடாக வெடிப்பு ஓடினால் இதுதான் காரணம். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்திலும் இதே கோடு வரும். சிமெண்ட் வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் மீண்டும் திறக்கும். கோட்டை ஒட்டி 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு நேராக அறுத்து, உள்ளே நுரைக் கயிறு திணித்து, மேலே நெகிழும் பசையால் அடையுங்கள். கல்லின் நிறத்துக்கு நெருங்கிய நிறம் கிடைக்கும், அதனால் அந்தக் கோடு கண்ணை உறுத்தாது.

ஷட்டர் திறப்பின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு வேறு வகை. லிண்டல் வளைகிறது, அல்லது ஒரு பக்கத் தூண் இறங்குகிறது. கல்லை விட்டுவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.

அறிகுறி: துருக்கறை, பாசி

ஒரு கல்லில் மட்டும் புள்ளி வைத்து, அதிலிருந்து பழுப்பாக வழிந்தால் அந்தக் கல்லுக்குள்ளேயே இரும்புக் கனிமம் இருக்கிறது. ஸ்லேட்டிலும் குவார்ட்சைட்டிலும் இது உண்டு. அந்த ஒரு கல்லை மாற்றிவிடுவதே எளிது. சம இடைவெளியில் சந்துகளிலிருந்து வழிந்தால் உள்ளே சாதாரண ஆணியோ கட்டுக்கம்பியோ வைத்திருக்கிறார்கள். துரு பெருத்து அந்தக் கல்லையே தள்ளிவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கேட் கீல், கிரில் ஆகியவற்றுக்குக் கீழே என்றால் கல்லை விட்டுவிட்டு இரும்புக்குப் பெயிண்ட் அடியுங்கள்.

பச்சைப் பாசி வடக்குப் பார்த்த சுவரிலும் செடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் பக்கத்திலும் வரும். தண்ணீர் படுவதை நிறுத்தி, நார் பிரஷால் தேய்த்தால் போதும். அழுத்தமான பீய்ச்சு இயந்திரத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சந்துக் கலவை பெயர்ந்துவிடும். துருத்தி நிற்கும் அடுக்குக் கற்களில் தெருப்புழுதி தங்கும், குளவி கூடு கட்டும். பஸ் போகும் சாலையோர வீடுகளுக்கு நான் அந்த வகையைப் பரிந்துரைக்க மாட்டேன், தட்டையான முகமுள்ள கல்லே நல்லது.

அறிகுறி: ஷட்டர் உரசுகிறது, கேட் முழுதாகத் திறக்கவில்லை

கல்லும் பசையும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 35 மில்லிமீட்டர் வந்தால், இரு பக்கமும் சேர்த்து 70 மில்லிமீட்டர் வழி குறைந்துவிடும். பெரிய கார் பக்கக் கண்ணாடிகளோடு இரண்டு மீட்டரைத் தாண்டும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. திறப்பின் உள்முகத்தில் மட்டும் கல்லை எடுத்துவிட்டு 10 மில்லிமீட்டர் மெல்லிய பலகையாக மாற்றலாம். ஷட்டர் ஓடும் காடிக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கவேண்டும். தள்ளுகேட் ஒதுங்கும் சுவரில் கல் ஒட்டவே கூடாது.

அறிகுறி: எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் அழகாக இல்லை

முதலில் மூலையைப் பாருங்கள். முன்முகத்தில் கல், மூலை திரும்பியதும் பெயிண்ட் என்றால் அறுத்த ஓரம் பக்கவாட்டில் தெரிந்து, கல் வெறும் ஒட்டுவேலை என்பது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மூலையைத் தாண்டி அடுத்த உள்மூலைவரை கல்லைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். மூலையில் ஒரு வரிசை முன்முகக் கல் முழுதாக வரட்டும், அடுத்த வரிசையில் பக்கக் கல் முழுதாக வரட்டும். மாறி மாறி வந்தால் முழுக்கல்லால் கட்டிய தூண்போலவே தோன்றும்.

மேலே கனமான கல்லும் கீழே வழவழப்பான சுவரும் இருந்தால் கண் அமைதியடையாது. செலவைக் குறைக்கவேண்டுமென்றால் மேல்சுவரை விட்டுவிட்டு, தூண்களில் மூன்றரை அடி உயரத்துக்கு மட்டும் ஒட்டி, தலைக்கு ஒரு பலகை வைத்து முடியுங்கள். சிறிய போர்டிகோவுக்கு இதுதான் என் முதல் தேர்வு. தலைக்கு மேல் விழும் அபாயமும் அத்தோடு போய்விடுகிறது.

நிறம் திட்டுத்திட்டாக வந்திருந்தால் ஒரு பெட்டியை முடித்துவிட்டு அடுத்த பெட்டியை உடைத்திருக்கிறார்கள். மூன்று நான்கு பெட்டிகளைத் தரையில் கொட்டிக் கலந்து எடுக்கவேண்டும். ஒட்டியபின் திருத்த வேண்டுமானால் திட்டின் ஓரத்திலுள்ள சில கற்களை மட்டும் மாற்றிப் பதித்தால் எல்லை மங்கும். பகலில் நன்றாக இருந்து இரவில் மேடுபள்ளமாகத் தெரிந்தால் சுவரோடு ஒட்டி மேலிருந்து அடிக்கும் விளக்கே காரணம். விளக்கைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். வரிசைகள் சாய்ந்து தெரிந்தால், தெருவுக்கு இறங்கும் தரைவாட்டத்தை மட்டமாக வைத்து முதல் வரிசையைத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் வரிசைக்கு ரசமட்டம் பார்த்து நூல் கட்டவேண்டும், தரைக்கும் கல்லுக்கும் இடையே கூடிக் குறையும் இடைவெளியைச் சறுக்கட்டை ஏற்றுக்கொள்ளும்.

ஒரு கல்லை மட்டும் மாற்றுவது

சுற்றியுள்ள சந்தைக் கிரைண்டரால் மெல்ல அறுத்துவிடுங்கள். உளியைக் கல்லின் நடுவில் வைத்து உடைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துண்டு துண்டாக எடுங்கள். ஓரத்தில் நெம்பினால் பக்கத்துக் கல்லும் பிடி விட்டுவிடும். பழைய பசையைப் பூச்சுவரை சுரண்டி, தூசியைக் கழுவி, புதுக் கல்லின் முதுகு முழுக்கப் பசை தடவி வைத்து, பசை இறுகும்வரை காகித டேப்பால் பக்கத்துக் கற்களோடு கட்டிவையுங்கள். குறைந்தது ஒரு நாள் கழித்துச் சந்தை அடைக்கலாம். அதே நிறக் கல் பின்னாளில் கடையில் கிடைப்பது அரிது. ஆகவே வேலை முடிந்த அன்றே ஒரு பெட்டியை மாடிப்படிக்கு அடியில் எடுத்துவைத்து, அதன்மேல் கல்லின் பெயரையும் வாங்கிய கடையையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள்.